நால்வர் குழுவுக்கு ஒரு தலவிலப் பாட்டு

இந்த நாட்டில் நான்கு பேர் கூடி, வயலின் வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று மணிக்கணக்கில் சண்டை பிடிக்கிறார்கள்; பிறகு ஒன்றாக இருந்து கோப்பி குடிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிச் சண்டை பிடித்தால் பிள்ளைகளின் கலியாணத்துக்கும் சொல்லமாட்டார்கள். ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. இரண்டு வயலின், ஒரு செலோ, நடுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய என் வியோலா. இதுதான் எங்கள் குழு. தலைவர் கிடையாது.

வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த நாங்கள் புத்தளம் பக்கம் தலவில கத்தோலிக்கக் கோயிலருகே குடியிருந்தோம். சண்டை ஓய்ந்த பிறகு வந்த திருநாள்களில் தென்னந்தோப்பெல்லாம் யாத்திரிகர் கூடாரமாக இருக்கும். கோயில் பாடகர் குழுவில்தான் முதலில் வயலின் பிடித்தேன். பாடுகிறவர்கள் போகிற பக்கம் என் வில்லும் போகும், அவ்வளவுதான்.

போன குளிர்காலம், எங்களுக்குக் கச்சேரி பிடித்துத் தரும் முகவர் பெண்மணி சொன்னார்: "பழைய மேதைகளை வாசிக்க ஆயிரம் குழு இருக்கிறது. உங்களை எதற்குக் கூப்பிட வேண்டும்?" பிறகு என்னைப் பார்த்தார். என் மண்ணின் இசை ஒன்றை வாசித்தால் குழு பிழைக்குமாம், இல்லாவிட்டால் கலைப்பதுதானாம். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. இராகம் நான் படித்ததில்லை. என் மண் வன்னியா, புத்தளமா, அதுவே தெரியாது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "எங்கட பாட்டு எது அம்மா?"

"இதென்ன கேள்வி பிள்ளை? திருநாளுக்குக் கொடியேத்தேக்க படிக்கிற மாதா பாட்டுத்தான்."

நால்வருக்கும் பிரித்து எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது வரி வருமுன்பே செலோக்காரர் மார்ட்டின் தாளைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினார். "சின்ன வயதில் கோயிலில் நான் முதல் நன்மை எடுத்த அன்று பாடிய பாட்டு. உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எந்த மிஷனரி எந்தக் கப்பலில் கொண்டுவந்து எங்கள் கடற்கரையில் இறக்கினாரோ! கேட்டுக்கொண்டிருந்த முகவர் உதட்டைப் பிதுக்கினார்: "இது எங்களுடையது. நான் கேட்டது உன்னுடையதை." களவெடுத்து அகப்பட்டவள்போல் நின்றேன். கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எங்கட பாட்டு அங்கயும் போய்ச் சேர்ந்திட்டுதோ!" என்று பூரித்துப்போனார்.

மற்ற மூவரும் வழக்கம்போல் சண்டை பிடித்து, அதையே வாசிப்பதென்று முடிவெடுத்தார்கள். முகவர் கையை விரித்துவிட்டார். இனி எங்களைக் கூப்பிட ஆள் இருக்குமா, தெரியாது.

முன்பே ஒப்புக்கொண்டிருந்த ஒரு கச்சேரியில் முன்வரிசைக் கிழவர்கள் ஜேர்மன் மொழியில் மெல்லச் சேர்ந்து பாடினார்கள். என் வாயில் தமிழ் வந்துவிட்டது. மெட்டு ஒன்றுதான், ஆனால் அவர்கள் மூச்செடுக்கும் இடத்தில் எங்கள் தமிழ் வரி முடிவதில்லை. மற்ற மூவரும் அவர்களோடு வில்லைத் தூக்கி மூச்செடுத்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, வில்லைத் தனியே இழுத்துக்கொண்டிருந்தேன்.