நகவெட்டிக்கு அனுமதி இல்லை

கும்மிடிப்பூண்டியில் முதியோரின் வீடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் ஓர் அறக்கட்டளையில் அவர் மேற்பார்வையாளர்; நான் தொண்டன். கசங்காத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் விதிமுறை ஃபைல். யார் எது கேட்டாலும் விரலில் எச்சில் தொட்டு ஃபைலைப் புரட்டுவார். மூளைக்கு வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் நாங்கள் போன வீட்டில், இரும்புக் கம்பெனியில் உழைத்து இடுப்பு விட்டுப்போன பெரியவர் ஒருவர் என் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியைப் பார்த்தார்.

"குனிய முடியல நைனா. கால் நகத்த கொஞ்சம் வெட்டி உடறியா?"

நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. மேற்பார்வையாளர் ஃபைலைப் புரட்டினார்.

"தொண்டருங்க கூரான பொருள் எதையும் யூஸ் பண்ணக் கூடாது சார். பேசிக்கினு இருக்கலாம்."

"பேசிக்கினே இருந்தா நகம் தானா உதுந்துடுமா சார்?" என்றார் பெரியவர்.

மேற்பார்வையாளர் ஃபைலை மூடினார். 'தேவை எதுவும் இல்லை' என்று படிவத்தில் எழுதி, பெரியவரிடமே கையெழுத்து வாங்கினார்.

அடுத்த வாரம் போனபோது, பக்கத்து வீட்டுப் பெண் பிளேடால் நகத்தை வெட்டிவிட்டிருந்தாள். மேற்பார்வையாளர் அந்தக் காலைப் போட்டோ எடுத்து எங்கள் சேவைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அவரை இன்றும் திட்டுகிறேன். ஆனால் அன்று நகவெட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பெரியவரிடம் அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவன் நான்.