முந்தலில் சுட்ட எள்ளு வளையங்கள்

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் போடி பஸ் ஏறினேன். சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். ஒரு ரொட்டி தின்ன இவ்வளவு தூரமா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிமிட் என்கிற துருக்கி எள்ளு ரொட்டியை, அந்த வளையத்தை, என் அடுப்படியில் மூன்று முறை செய்து மூன்று முறையும் தோற்றவள் நான். கடைசியாகச் சுட்டதைத் தெருநாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. போடிக்கு அப்பால் முந்தலில் ஒரு வீட்டில் அதை அச்சு அசலாகச் சுடுகிறார்கள் என்று தம்பி சொன்னான்; லீவு கிடைத்ததும் பையைத் தூக்கிவிட்டேன்.

மாலை 4.45. போடியில் இறங்கினால் டீக்கும் ஏலக்காய், காற்றுக்கும் ஏலக்காய். முந்தலுக்கு ஷேர் ஆட்டோவில் இருபத்தைந்து ரூபாய். போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. சாலையை ஒட்டிய ஓட்டு வீட்டு வாசலில் கருப்பையா நின்றிருந்தார். தோஹாவில் என் தம்பியோடு ஒரே அறையில் இருந்தவர். ஆறு வருடம் ஒரு துருக்கி பேக்கரியில் வேலை. இப்போது போடியில் புரோட்டா மாஸ்டர். அவருடைய மனைவி பேச்சியம்மாள் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிறவர்.

வித்தையைக் கொண்டுவந்தவர் கணவர் என்றாலும் கை என்னவோ பேச்சியுடையது. அடுப்பில் ஒரு சட்டியில் கம்பம் பன்னீர் திராட்சைச் சாறு பாகாக வற்றிக்கொண்டிருந்தது. சுடுவதற்கு முன் வளையத்தைத் திராட்சைப் பாகு கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் எள்ளு ஒட்டும், நிறமும் ஏறும். நான் வெல்லத்தண்ணீரில் முக்கிக் கெடுத்தவள்.

"இந்தப் பாகு மதுரையில போத்தல்ல விக்கிதுன்னாரு இவரு, எண்ணூறு ரூவாயாம்" என்றார் பேச்சி. "கம்பத்துல திராட்சைய வச்சுக்கிட்டு நான் எதுக்குக்கா போத்தல வாங்குறேன்?"

கொல்லையில் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கருப்பையா கட்டிய அடுப்பு, கோழிக்கூடு அளவு. மாதிரிக்கு நான்கு சுட்டார்கள். மைதா மாவை இரண்டு கயிறாகத் திரித்து, முறுக்கி, முனைகளை ஒட்டி வளையமாக்க பேச்சிக்கு அரை நிமிடம் ஆகவில்லை. கால் மணி நேரத்தில் வெளியே வந்ததைக் கடித்தேன். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, எள்ளு வறுபட்ட மணம், கடைசியாக நாக்கில் லேசாகத் திராட்சை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான்கில் மூன்றைத் தின்றது நான்.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சி விஷயத்துக்கு வந்தார். மறுநாள் காலை மலைக்குப் போகும் ஜீப்புகளில் முதல்முறையாக விற்கப் போகிறார்கள். நானும் பார்க்க வேண்டும் என்று, எனக்கு லீவு கிடைக்கும் சனிக்கிழமை வரை காத்திருந்திருக்கிறார்கள்.

"ஏலச்செடித் தூர்ல குத்தவச்சு குத்தவச்சு முட்டி ரெண்டும் போச்சுக்கா. இது ஓடுச்சுன்னா மலைக்குப் போகமாட்டேன். ஓடலன்னா வழக்கம்போல அதே ஜீப்புலதான் ஏறணும்."

சனி, காலை 5.45. முப்பது வளையங்கள் தட்டில் அடுக்கியிருந்தன. ஒன்று பதினைந்து ரூபாய். பேச்சி மலைக்குப் போகும் சேலையும் மேலே பழைய முழுக்கைச் சட்டையுமாகத் தயாராக நின்றார். விற்காவிட்டால் அப்படியே ஜீப்பில் ஏறத்தான் அந்தக் கோலம்.

6.20. முதல் ஜீப்பு வந்தது. உள்ளே பதினைந்து பெண்களாவது இருப்பார்கள். பேச்சி ஒரு வளையத்தை எடுத்து, ஓரத்தில் இருந்த ராசாத்தியிடம் நீட்டினார். இருவரும் ஒரே எஸ்டேட்டில் பறிப்பவர்கள். ராசாத்தியின் கை வெடுக்கென்று முந்தானைக்குள் போய்விட்டது.

"ஏண்டி, விடிஞ்சும் விடியாம எள்ளைக் கையில வாங்கச் சொல்றியே! சனிக்கெழமை அதுவுமா!"

"வெள்ளை எள்ளுதான மதினி" என்றார் பேச்சி.

"வெள்ளையானா என்ன, கறுப்பானா என்ன? எள்ளு எள்ளுதான்."

வரிசையாக எல்லாக் கைகளும் உள்ளே போயின. எள்ளைக் கைக்குக் கை கொடுத்தால் சனியும் சேர்ந்து வரும் என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எனக்கு ஏன் உறைக்கவில்லை? கருப்பையா ஆறு வருடம் விற்றது இந்த வழக்கமே தெரியாதவர்களுக்கு. பேச்சி இதுவரை கொடுத்தது வீட்டுக்குள், தட்டில் வைத்து. சனிக்கிழமையாக்கிய புண்ணியம் என்னுடையது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

டிரைவர் ஹாரனைத் தட்டினார். "வெரசா ஏறு பேச்சி, நேரமாச்சு!"

பேச்சி ஏறவில்லை. வாசலில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் கம்பை உருவினார். தண்ணீர் ஊற்றித் துடைத்து, வளையங்களை அதில் கோத்து, ஜீப்பின் பின்படியில் நிமிர்த்திச் சாய்த்தார். கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"நான் யாருக்கும் குடுக்கல மதினி. கம்பு நிக்கிது. வேணுங்கிறவுக நீங்களே எடுத்துக்கங்க."

ராசாத்தி சிரித்துவிட்டார். "பொழைச்சுக்கிருவடி நீ" என்று ஒரு வளையத்தை உருவி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அதே கையால் கம்பியைப் பிடித்தார். வளைவில் சிந்த சாம்பாரும் இல்லை, அவிழ்க்கப் பொட்டலமும் இல்லை. இந்த மலைச் சாலைக்கென்றே எவனோ துருக்கியில் உட்கார்ந்து யோசித்த பலகாரம் போலிருந்தது. அடுத்தடுத்து கைகள் நீண்டன. டிரைவர் இறங்கி வந்து இரண்டு எடுத்தார்.

"துருக்கியிலயும் இப்பிடித்தான் கம்புல கோத்து விப்பாங்களாம்" என்று என் காதில் கிசுகிசுத்தார் கருப்பையா. "எங்க கடைச் செவுத்துல படமே இருந்துச்சு. நான் இவகிட்ட சொன்னதேயில்ல."

6.45. மூன்றாவது ஜீப்பு புறப்பட்டபோது கம்பு வெறும் கம்பாகிவிட்டது. பின்படியில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, அந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். "பேச்சி, ஏறலையா?"

"நீங்க போங்கண்ணே. எனக்கு இங்க சோலி கெடக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ஜீப்பு முதல் வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்று, சேலைக்கு மேல் போட்டிருந்த மலைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

8.10க்குப் போடியிலிருந்து மதுரை பஸ். எங்கள் தெரு பேக்கரியில் எந்நேரமும் கண்ணாடிப் பெட்டி நிறைய இருக்கும், வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. முந்தலில் எனக்கென்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெறும் வயிற்றோடு இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊரிலிருந்தும் பஸ் ஏறியதில்லை.