பஞ்சைக் கழுவியவர்

பத்தாம் வகுப்போடு நின்றவன் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுவது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி எப்போதும் வெள்ளைச் சட்டைதான். பேசிக்கொண்டே எதிரில் நிற்பவரின் தோளில் ஒட்டிய பஞ்சை இரண்டு விரலால் எடுத்துவிடுவார். கம்பெனியை ஒட்டிய லைன் வீடுகளில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. அது பஞ்சுத் தூசியாலா என்று பல்கலைக்கழகத்தார் ஆராய்வதற்கான செலவை அவரே ஏற்றார். என் மகளுக்கு ஏன் இரைக்கிறது என்று தெரிந்துவிடும் என நம்பினேன்.

அவர்கள் காற்றை அளக்க வந்த அன்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சோதனைக்கு வரும் நாளைப் போல, மெஷின்களை நிறுத்திச் சுவர் வரை கழுவ வைத்திருந்தார்.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “முதலாளி, பஞ்சே இல்லையே. எதை அளப்பாவ?”

“ஏனுங்க, படிச்சவங்க வாரப்ப ஊட்டைக் குப்பையா வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்?”

“குப்பையைப் பார்க்கத்தானே வாராவ?”

“அட, பயப்படாதீங்க. உங்க பாப்பா பாஸாயிருமுங்க!” என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தில் கள்ளமே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டியாவது தீர்த்திருப்பேன். அவரை என்ன செய்வதென்று இன்றும் தெரியவில்லை.

வந்தவர்கள் காற்று சுத்தம் என்று குறித்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஷிப்டில் எல்லா மெஷின்களும் ஓடின. மத்தியானம் மகளுக்கு இரைக்கத் தொடங்கியது.