முந்தலில் எடுத்த கட்டை

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். உங்களை நம்ப வைப்பதால் எனக்கு ஒரு டீ கூடக் கிடைக்கப் போவதில்லை. பேயைப் பார்த்தேன் என்று எவனாவது சொன்னால், "நேத்து எத்தனை கிளாஸ் போட்டே?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அதனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

1973, டிசம்பர் மாதம். தேனியில் ஒரு நூல் மில்லில் நான் பதிலி. தினமும் காலை ஏழு மணிக்கு மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராவிட்டால், அந்த இடத்துக்கு டைம் கீப்பர் நம்மைக் கூப்பிட்டு டோக்கன் கொடுப்பார். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும், இல்லை அவன் மாமியார் சாக வேண்டும். அப்போதுதான் நமக்குச் சோறு. ஆறு வருடம் இப்படி நின்றேன். என்னோடு நின்ற இருபது பேரும் டைம் கீப்பரைப் பார்த்துப் பல்லை இளிப்பார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்களும் நானும் ஒன்று என்று நினைக்கும்போது இன்னும் எரிச்சல் வரும்.

நவம்பர் கடைசியில் ஓர் இடம் ஒரேயடியாகக் காலியானது. ஆறாம் நம்பர் மிஷினில் இருந்த ஆள் செத்துப்போய்விட்டாராம். அன்றிலிருந்து அந்த மிஷினில் நான்தான் பதிலி. செத்தவர் பெயரைச் சொன்னார்கள்; நான் காதில் வாங்கவில்லை. எப்படிச் செத்தார் என்றும் கேட்கவில்லை. எனக்கு எதற்கு? இடம் காலி. அது போதும்.

எங்கள் மேனேஜருக்குச் சைக்கிள் பைத்தியம். பொங்கலுக்கு ஒரு பந்தயம் வைத்தார். தேனியில் கிளம்பி, போடி, போடிமெட்டு மலை ஏறி, பூப்பாறை, நெடுங்கண்டம் சுற்றி, குமுளியில் இறங்கி, கம்பம் வழியாகத் திரும்பத் தேனி. நூற்றுப் பத்து மைல், ஒரே நாளில். முதலில் வரும் பதிலிக்கு அந்த ஆறாம் நம்பர் நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை. அதுவரை ஒரு நாள் கேட்டுக்கு வராவிட்டாலும் பந்தயத்திலிருந்தும் பதிலிப் பட்டியலிலிருந்தும் பெயர் அடிபடும்.

பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். எல்லாம் சிரிப்பாய்ச் சிரிக்கிற கூட்டம். ஒருவன் தினமும் எட்டு முட்டையைப் பச்சையாகக் குடித்துவிட்டு நாள் முழுக்கக் கக்கூஸில் இருந்தான். ஒருவன் வீரபாண்டி அம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டான். மொக்கைச்சாமி என்று ஓர் ஒல்லிக்குச்சி. அவன் சீட்டு உறுத்துகிறது என்று பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டான். அதுவும் மில்லில் திருடிய பஞ்சு. இவர்களையெல்லாம் ஜெயிக்க நான் பயிற்சி எடுத்ததே அதிகம்.

ஆனாலும் எடுத்தேன். ராஜமணி சைக்கிள் கடையில் என் வண்டியின் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், செயின் கவர் அத்தனையையும் கழற்றிப் போட்டேன். ராத்திரி ஒன்றரைக்குத் தேனியில் கிளம்புவேன். மலை ஏறி இறங்கி, ஏழு மணிக்குள் மில் கேட்டில் நிற்பேன். பகலில் பயிற்சி எடுத்தால் கேட்டில் யார் நிற்பது?

போடி தாண்டி மலையடிவாரத்தில் முந்தல். அங்கே கஸ்தூரியம்மாளின் டீக்கடை. லாரிக்காரர்களுக்காக ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். மலையிலிருந்து மூட்டையோடு சைக்கிளில் இறங்குகிறவர்கள் பிரேக்கை நம்ப மாட்டார்கள். மேலேயே ஒரு மரக்கட்டையை வெட்டி, கயிற்றில் கட்டி, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் இழுபட விடுவார்கள். கட்டையின் கனம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். முந்தல் வந்ததும் கட்டையை அவிழ்த்துக் கஸ்தூரியம்மாளிடம் போட்டுவிட்டு, அதற்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். அவள் அடுப்பு எரிவதே இந்தக் கட்டைகளில்தான்.

பயந்தாங்கொள்ளிகள். அந்தக் கட்டையை நான் வேறு விதமாக உபயோகித்தேன். கீழே ஒன்றை எடுத்து என் வண்டியில் கட்டி, மலை மேலே இழுத்துக்கொண்டு போவேன். கட்டையோடு ஏறிப் பழகினால் பந்தயத்தன்று வண்டி பறக்கும் அல்லவா? மேலே போனதும் அவிழ்த்து எறிந்துவிட்டு வெறும் வண்டியில் இறங்குவேன். ஒரு வாரம் இப்படிப் போனது.

டிசம்பர் 20, வியாழக்கிழமை. முந்தலுக்கு வந்தபோது மணி 2.35. இரண்டு நாள் மழையில் யாரும் இறங்கவில்லை போலிருக்கிறது. கட்டைக் குவியலே இல்லை. கடைக்குப் பின்னால் சுவரோரம் ஒரே ஒரு கட்டை தனியாகச் சாத்தியிருந்தது. தொடை கனம், மூன்று முழ நீளம். அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்று அதிலேயே கிடந்தது. நான் போய்க் கை வைத்தேன்.

"அத எடுக்காத தம்பி" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"ஏன் ஆத்தா, தங்கத்துல செஞ்சதா?"

"கட்டை மட்டும் எறங்குச்சு. ஆளு எறங்கல. ரோட்டுல கெடந்துச்சுன்னு பின்னால வந்தவக எடுத்தாந்து இங்கன போட்டாக. அந்த மாதிரிக் கட்டைய அடுப்புலயும் வைக்கக் கூடாது, மேலயும் கொண்டு போகக் கூடாது."

"கொண்டு போனா?"

"எறங்காத ஆளு அதப் புடிச்சுக்கிட்டு எறங்கிருவாக."

"எறங்கட்டும். வந்தா ஒரு டீ போட்டுக் குடுங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் சிரித்துக்கொண்டே கட்டையைக் கட்டினேன்.

2.50. ஏற ஆரம்பித்தேன். டார்ச் லைட்டை ஹேண்டில்பாரில் டியூப் ரப்பரால் கட்டியிருந்தேன். பின்னால் கட்டை இழுபடும் சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்... பழகிய சத்தம்தான். தூக்கம் வராமல் இருக்க அது எனக்கு நல்லது.

3.20. மூன்றாவது வளைவு. பனி இறங்கியது. கட்டை கொஞ்சம் கனப்பது போல் இருந்தது. ஈரத்தில் ஊறியிருக்கும் என்று நினைத்தேன். திடீரென்று ஒரு வாசனை வந்தது. மிஷின் எண்ணெய், பஞ்சுத் தூசு. மில்லுக்குள் அடிக்கும் அதே வாசனை. என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். அது நேற்றுத் துவைத்த சட்டை.

3.32. கனம் கூடியது. எழுந்து நின்று மிதித்தேன். ஒரு மூட்டை நெல்லை இழுப்பது மாதிரி இருந்தது. மொக்கைச்சாமியாக இருந்தால் இந்நேரம் அழுதிருப்பான் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

3.41. சத்தம் நின்றுவிட்டது.

கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கனம் குறையவில்லை. வண்டி பின்னால் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. கட்டை இழுபடுகிறது... சத்தம் மட்டும் இல்லை.

மிதிப்பதை நிறுத்தினேன். காலை ஊன்றினேன். நின்ற வண்டியில் கயிறு தொய்ய வேண்டும்.

தொய்யவில்லை.

டார்ச்சை அவிழ்த்துத் திருப்பினேன். கயிறு விறைப்பாக இருந்தது. சீட்டுக்குக் கீழிருந்து தரையைப் பார்த்துச் சாயவில்லை. நேராக... இடுப்பு உயரத்தில்... பனிக்குள் போனது.

கட்டை தரையில் இல்லை. யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஹா... ஹா... என் மூச்சு என்று நினைத்து அடக்கினேன்.

அது அடங்கவில்லை.

3.44. மடக்குக் கத்தியால் கயிற்றை அறுத்தேன். கட்டை கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பினேன். இறங்கினேன். அது நின்ற பக்கமாகத்தான் இறங்க வேண்டும். வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். முகத்தில் ஈரத் துணி மாதிரி ஏதோ பட்டது. நான் பயந்துவிட்டேன். இதை எழுத எனக்கே கேவலமாக இருக்கிறது. "அம்மா" என்று கத்தினேன்.

வேகம் கூடியது. பிரேக்கை அழுத்தினேன். ரிம் முழுக்க ஈரம். பிடிக்கவில்லை. டார்ச் கையிலிருந்து விழுந்துவிட்டது. இருட்டு. வளைவு எங்கே என்று தெரியவில்லை. இடப்பக்கம் பள்ளம்.

அப்போது...

கர்ர்ர்... கர்ர்ர்...

என் வண்டிக்குப் பின்னால்.

சீட்டை யாரோ பின்னுக்கு இழுத்தார்கள். வேகம் தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது. நின்றது. முன் சக்கரம் எதிலோ இடித்தது. கையை நீட்டினேன். வளைவில் இருக்கும் தடுப்புக் கல்.

பக்கத்தில் வந்து ஒருவர் நின்றார். பார்க்கவில்லை. தலையைத் தூக்க முடியவில்லை. அந்த எண்ணெய் வாசனை மட்டும்.

"மணி என்னாச்சு?"

சாதாரணக் குரல். பஸ் ஸ்டாண்டில் கேட்பது மாதிரி. என் கடிகாரத்தில் ரேடியம் முள் தெரிந்தது. என் வாய் தானாகப் பதில் சொன்னது.

"மூணு நாப்பத்தெட்டு."

எண்ணெய் வாசனை விலகியது.

கர்ர்ர்... கர்ர்ர்... சத்தம் என்னைத் தாண்டியது. கீழே போனது. முந்தல் பக்கம். போய்க்கொண்டே இருந்தது...

அப்புறம் எனக்கு நினைவில்லை. ஜீப் ஹாரன் சத்தத்தில் கண் விழித்தேன். நல்ல வெளிச்சம். மணி 7.10. தடுப்புக் கல்லில் சாய்ந்து கிடந்தேன். சீட்டுக்குக் கீழே நான் அறுத்த கயிறு முழம் நீளத்துக்கு அப்படியே தொங்கியது. அதன் நுனியில் எதுவும் இல்லை.

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் வண்டியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பேயைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. வேலை போச்சு, ஆறு வருடம் போச்சு, மொக்கைச்சாமி மாதிரி ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்தது. மில் கேட்டுக்கு வந்தபோது மணி 9.20. டைம் கீப்பர் சுந்தர்ராஜ் என்னைப் பார்த்து முறைத்தார்.

"ஏலே சுருளிவேலு, வெளிய எப்படா போன?"

"அய்யா?"

"ஏழு இருபதுக்கு ஆறாம் நம்பர் டோக்கன் வாங்கிட்டு உள்ள போனியேடா. தலையில துண்டப் போட்டுக்கிட்டு, கால இழுத்து இழுத்து. விழுந்துட்டியான்னு கேட்டேன், பதிலே சொல்லல. எப்ப வெளிய வந்த? போ உள்ள. மேஸ்திரி பாத்தா தொலைஞ்ச."

உள்ளே போனேன். ஆறாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அந்த மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்; ஓடி ஓடி ஒட்ட வேண்டும். பத்து நிமிடம் ஆள் இல்லாவிட்டால் பாதி நூல் அறுந்து நிற்கும். முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்தேன். ஒரு நூல் கூட அறுந்திருக்கவில்லை. தரையில் மட்டும் ஈரமான செம்மண் கால் தடம். மிஷினைச் சுற்றிச் சுற்றி இருந்தது. ஒரு கால்தான் பதிந்திருந்தது. மற்றொன்றின் இடத்தில் நீளமாக இழுத்த கோடு.

அன்றைக்குத்தான் முதல்முறையாக, செத்தவர் யார் என்று பக்கத்து மிஷின் ஆளிடம் கேட்டேன். ஞானதுரை. மனைவி ஊர் பூப்பாறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு, திங்கள் விடியுமுன் சைக்கிளில் கட்டையைக் கட்டிக்கொண்டு மலை இறங்கி நேராக ஷிப்டுக்கு வருவார். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள் லேட் இல்லை. கையில் கடிகாரம் கிடையாது. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டே வருவாராம். நவம்பர் 26 அன்று பனியில் வளைவு தெரியாமல் பள்ளத்தில் போய்விட்டார்.

"அன்னைக்கி அவரு வராததாலதான உனக்கு டோக்கன் கெடச்சுச்சு?" என்றார் அந்த ஆள். ஆமாம். அன்றைக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பந்தயத்தில் நான் ஓடவில்லை. மொக்கைச்சாமி ஜெயித்தான். பஞ்சு சீட்டில் உட்கார்ந்து, நாள் முழுக்க மிதித்து, குமுளி மலையில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கக் கட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கி, அவன்தான் ஜெயித்தான். ஆறாம் நம்பர் அவனுக்கு நிரந்தரமானது. ஒன்பதாம் நாள் ராஜமணி கடையில் என்னைத் தேடி வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"அண்ணே, நான் போறதுக்கு முன்னாலயே மிஷின் ஓடிக்கிட்டு இருக்குண்ணே."

வேறு நாளாக இருந்தால் நான் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்று அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அவன் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடைப்பட்டிக்குத் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் காலை 7.20. கேட்டில் இருபது பதிலிகளும் நின்றோம். ஆறாம் நம்பருக்கு யார் போவது என்று சுந்தர்ராஜ் கேட்டார். ஒருவரும் முன்னே வரவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்பதற்குள் உள்ளேயிருந்து மேஸ்திரி வேகமாக வந்தார்.

"ஆறாம் நம்பருக்கு யாரய்யா அனுப்புனீக? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாரு."