வரிசையில் நின்ற கட்டை

செல்லியம்மாளுக்கு ராட்டினத்தில் ஏற வேண்டும். நாற்பது வயதில் இதென்ன ஆசை என்று அண்ணி கேட்டாள். மூன்று வயதில் காய்ச்சல் கண்டு வலது கால் சூம்பிப்போனவள். தறியை மிதிக்க முடியாததால், பெரிய காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். ராட்டினத்தில் மட்டும் எல்லாருடைய காலும் சும்மாதான் தொங்கும். அங்கே யாருக்கும் கால் தேவையில்லை. அதுதான் அவள் கணக்கு.

பொருட்காட்சியின் கடைசி நாள். ரிக்‌ஷாவை விட்டு இறங்கியவள் வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்றால், கொஞ்ச நேரத்தில் நல்ல காலும் மரத்துவிடும். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ராட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த துரைக்கண்ணுவிடம் போனாள்.

“நிக்க முடியலப்பா. அப்படி ஓரமா குந்திக்கினு இருக்கேன். என் முறை வந்தா கூப்புடுறியா?”

“உன்ன உட்டா அப்பால எல்லாரும் நொண்டிக்கினு வருவாங்கம்மா.”

“தண்ணிக் குழாயாண்ட குடத்த வெச்சிட்டுப் போறோமே, அது மாதிரி எதுனா வெக்கட்டுமா?”

“வெச்சிக்கோ போ.”

வைக்க என்ன இருந்தது? பை இல்லை, செருப்பும் இல்லை. கட்டைதான் இருந்தது. வரிசையின் கடைசியில் மகளோடு நின்ற பூவம்மாள் என்ற பெண், “எனக்கு முன்னாலயே தடுப்புல சாச்சிட்டுப் போய் குந்துக்கா, நான் நகத்திக்கினு வரேன்” என்று சொல்லி, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ச் சோடாக் கடைப் பெட்டியின் மேல் உட்கார வைத்தாள். நல்ல மனுஷி என்று செல்லியம்மாள் நினைத்தாள். நினைக்கத்தானே செய்வோம்.

கட்டை நகர்ந்தது. எவனோ அதற்கு முறுக்கு நீட்டிக் கேலி செய்தான். செல்லியம்மாளும் சேர்ந்து சிரித்தாள். கட்டை முன்னே போகப்போக அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“கட்டை யாருதுபா? வந்து ஏறு!” துரைக்கண்ணு கத்தினான்.

எழுந்தாள். கை பழக்கத்தில் கக்கத்தருகே துழாவியது. அப்போதுதான் உறைத்தது.

“அந்தக் கட்டையக் கொஞ்சம் கொண்டாங்கப்பா!”

ஒலிபெருக்கிப் பாட்டில் அது யார் காதிலும் விழவில்லை. பூவம்மாள் திரும்பிப் பார்த்தாள். காலியாக ஆடிக்கொண்டிருந்த ராட்டினத் தொட்டிலையும் பார்த்தாள். மகளை இழுத்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். செல்லியம்மாள் ஒற்றைக் காலில் தத்தி, மண்ணில் விழுந்தாள். மேலே போன பூவம்மாள் அவளைப் பார்த்துக் கை ஆட்டினாள். பாவி, கை வேறு ஆட்டினாள்.

சோடாக்காரர்தான் தூக்கிவிட்டுக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். புடவை மண்ணைத் தட்டக்கூட இல்லாமல் துரைக்கண்ணுவின் எதிரே போய் நின்றாள்.

“கூப்புட்டேனே, நீ வரலையே. நான் இன்னா பண்றது? பின்னால போய் நில்லும்மா.”

வரிசை அதற்குள் இன்னும் நீண்டிருந்தது. டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ரேஷன் கடையில், “பைய வெச்சிட்டு ஓரமா குந்துக்கா” என்று யார் சொன்னாலும் அவள் கேட்பதில்லை. கட்டையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, நல்ல கால் நடுங்க நடுங்க, தன் முறை வரும்வரை நிற்பாள்.

“நொண்டிக்கு எவ்ளோ திமிரு பாரு” என்றார்கள்.