அலே துரை

என் வீட்டுக்காரருக்கு ராஜா வேஷம் கிடைத்ததே இல்லை. மந்திரி, சேவகன், அதுவும் இல்லை. பாகூர்ப் பக்கத்து நாடக செட்டில் தலை நரைக்கிறவரை அவர் கட்டியது ஒரே வேஷம்தான், வெள்ளைக்காரத் துரை. பூனைக்கண்ணும் கொஞ்சம் சிவந்த தோலும் இருந்தன. அந்த இரண்டைத் தவிர நடிப்பு என்று அந்த மனுஷனிடம் ஒரு மண்ணும் கிடையாது. முகத்தில் மாவை அப்பிக்கொண்டு, யாரோ கொடுத்த கிழிந்த கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது முகத்துக்கு நேராகவே கேட்பேன்.

“யோவ், கொழுக்கட்டைக்கு இடிச்ச மாவ மூஞ்சில பூசிக்கினு நிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“உனக்கு இன்னாடி தெரியும் நடிப்பப் பத்தி?” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார்.

அந்த வேஷத்துக்குக் கிராக்கி இருந்தது என்னவோ உண்மை. எல்லைக்கு அந்தாண்டை இங்கிலீஷ்காரன் ஆட்சி. அங்கே துரையைக் கெட்டவனாகக் காட்டி நாடகம் போட்டால் போலீஸ் வந்து மேடையைப் பிரித்துவிடும். எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதனால் கடலூர்ப் பக்கத்து ஜனம், தங்கள் ஊர்த் துரை அக்கிரமம் பண்ணுவதைப் பார்க்க இங்கே வண்டி கட்டிக்கொண்டு வரும். வந்து பார்ப்பது யாரை? எங்கள் வீட்டுப் பூனைக்கண்ணனை! தலையெழுத்து.

இதில் பெரிய கூத்து, மனுஷனுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. சின்ன வயதில் ஏரியை அளக்க வந்த பிரெஞ்சுத் துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு திரிந்தாராம். அந்தத் துரை ஆளை விரட்டினாலும் நாயை விரட்டினாலும் ‘அலே, அலே’ என்பானாம். போ என்று அர்த்தம். ‘வீத்’ என்பானாம், சீக்கிரம் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தைதான் இவருடைய மொத்தப் படிப்பு. வெள்ளைக்காரன் பேசுவதெல்லாம் ஒரே பாஷை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆகவே மேடையில் இங்கிலீஷ் கலெக்டர் வந்து “அலே! வீத்!” என்று பிரெஞ்சில் கத்துவார், ஜனம் நடுங்கும். ஊரே அவரை அலே துரை என்று கூப்பிட்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஊர் எவ்வளவு கைதட்டினாலும், வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார். நல்லா இருந்தது என்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அதுதான் அவருடைய தாகம். நான் ஏன் சொல்ல வேண்டும்? நல்லா இருந்தால்தானே சொல்வதற்கு?

ஒருநாள் பட்டணத்தில் டாக்கி எடுக்கிற ஆள் ஒருவன் நாடகம் பார்த்துவிட்டு, படத்தில் துரையாக நடிக்க இவரைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “படம் வரட்டும்டி. நல்லா இருந்துச்சுன்னு உன் வாயால சொல்ல வெக்கல, இனிமே மேடையே ஏற மாட்டேன்.”

“அப்படியாவது ஊருக்கு விமோசனம் வரட்டும்,” என்றேன்.

திரும்பி வந்தபோது தரையில் கால் பாவவில்லை. படத்தில் ஓர் ஏழை குமாஸ்தாவை இவர் வேலையை விட்டு விரட்டுகிறாராம். அவன் காலில் விழுந்து கதறுகிறானாம். பார்க்கிற ஜனம் அழுதுவிடுமாம்.

“அந்தக் குமாஸ்தாவா நடிச்சது யாரு?”

“அவர அப்புறமா தனியா படம் புடிச்சிச் சேப்பாங்களாம். நான் தனியாத்தான் நடிச்சேன். எதிர்ல ஒரு முக்காலி வெச்சிருந்தாங்க.”

“முக்காலியையா வெரட்டின? அது கால்ல வுழுந்துச்சா?” எனக்கு வயிறு வலிக்கிறவரை சிரிப்பு.

படம் புதுச்சேரிக்கு வந்தது. பாகூரிலிருந்து வரிசையாக வண்டி கட்டிப் போனோம். கொட்டகையில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் கட்டியிருந்த தட்டி வழியாக அவர் முகம் தெரிந்தது. சாமி முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

திரையில் வந்தார். கண்ணை உருட்டி “அலே!” என்று கத்தினார். அடுத்த நொடி, எதிரில் குமாஸ்தா இல்லை, ஒரு கோமாளி. “அல்வாவா துரை? இந்தாங்க!” என்று ஒரு தட்டை நீட்டினான். இவர் மறுபடி “அலே! வீத்!” என்றார். “வீட்டுக்கும் வேணுமா துரை?” என்று அவன் பொட்டலம் கட்டினான். கொட்டகை அதிர்ந்தது. டவுன்காரர்களுக்கு இரட்டைச் சிரிப்பு. “டேய், இங்கிலீஷ் துரை பிரெஞ்சுல குரைக்கிறான்டா!” என்று ஒருவன் எழுந்து நின்று கூவினான்.

எனக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்தது. தட்டி வழியாகப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. உதடு மட்டும், திரையில் கத்தினதை ஒவ்வொன்றாகக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்காலியைக் காட்டி ஏமாற்றிய பட்டணத்துப் பயல்களே, என் ஆளைத் திட்ட நான் இருக்கிறேன், நீங்கள் யாருடா? பக்கத்தில் சிரித்தவளை முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

திரும்பும்போது வண்டி அரியாங்குப்பம் தாண்டியதும் அவர் கேட்டார்.

“எப்படிடி இருந்துச்சு?”

வழக்கமான கிண்டல் வாயில் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

“நல்லா இருந்துச்சுய்யா. நெசமாத்தான். நீ வந்ததுதான் நல்லா இருந்துச்சு.”

என்னையே வெகுநேரம் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

“நீயே இப்படிச் சொல்றன்னா,” என்றார், “அவ்ளோ கேவலமாவாடி இருந்துச்சு?”