வாப்பா தைத்த மலையேற்றப் பை

ஆறாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சர் தன் போனில் ஒரு பறவையின் குரலைப் போட்டுக் காட்டினார். வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் பாட்டை மறந்துபோய், பாதி பாதியாகச் சீட்டியடிப்பது போலிருந்தது. கருநீல நிறம், மழைக்காலத்தில் ஓடையோரம் பாடும், மும்பைக்கு வெளியே கர்ஜத் பக்கத்துக் காட்டு மலையில் பார்க்கலாம் என்றார். பார்த்தே தீருவது என்று நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டேன்.

பறவை பார்க்கும் குழு ஒன்றோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று உம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன், தம்பி ஒளித்துக் கொண்டுவந்து தந்த பிஸ்கட்டைத் தவிர. மூன்றாம் நாள் வாப்பா, "அழாத புள்ள, நானும் கூட வாரேன்" என்றார். உம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்களா? மலைக்கா?" என்றாள். 

தாராவியில் வாப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. மற்ற பிள்ளைகளெல்லாம் லேசான நைலான் பை வாங்கினார்கள். தோல்காரன் மகள் நைலான் பையோடு போவதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்கு நாள் உட்கார்ந்து எருமைத் தோலில், பித்தளை வளையம் வைத்து, இரட்டைத் தையலில் ஒரு பை தைத்தார். காலியாக இருக்கும்போதே அது என் தம்பியின் கனம் கனத்தது. கொட்டுகிற மழையில் தோல் பையோடு மலையேறிய குடும்பம் மும்பையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதன் அசல் குணம் காட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. செங்குத்தான ஏற்றம், கால் வைத்த இடமெல்லாம் சேறு. நான் வைத்த ஒவ்வோர் அடிக்கும் புதுத் தோல்வாரும் வளையமும் உரசி 'கிரீச்' என்றன. ஒரு மரங்கொத்தி பறந்தது. பச்சைப்புறாக் கூட்டம் ஒன்று மொத்தமாகப் பறந்தது. வாப்பா பையை வாங்கித் தன் தோளில் மாட்டினார். அங்கே அது இன்னும் பலமாகக் கத்தியது. குழுத் தலைவர் மூன்றாவது முறையாகத் திரும்பி, இந்தச் சத்தம் நிற்காவிட்டால் நீங்கள் இருவரும் அடிவாரத்து டீக்கடையில் உட்காருங்கள் என்று இந்தியில் சொன்னார். வாப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் டீக்கடைக்குப் போகிற உத்தேசம் எனக்கு இல்லை.

"வாப்பா, எண்ணெய் போட்டா சத்தம் நிக்கும்லா?"

"நிக்கும். இந்தக் காட்டுல எண்ணெய்க்கு எங்க போவ?"

நான் பின்னலை அவிழ்த்தேன். உம்மா விடியற்காலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்துப் பின்னிய தலை அது. உச்சியிலிருந்து நுனிவரை வழித்து வழித்து வாரிலும் வளையத்திலும் தேய்த்தேன். வாப்பாவும் என் தலையில் கைவைத்து எடுத்துத் தேய்த்தார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பை வாயை மூடிக்கொண்டது. அதை நானே மாட்டிக்கொண்டு, தலைவிரிகோலமாக எல்லோருக்கும் முன்னால் ஏறினேன்.

உச்சிக்குச் சற்று முன்னால் பாதை குறுகியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. மேகம் விலகினால் வெகு கீழே வயல்கள் தெரிந்தன. அங்கேதான் வாப்பா பின்னாலிருந்து என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"நட புள்ள, நான் புடிச்சிருக்கேன்."

அவர் பிடித்த பிடியில் என்னால் அடி எடுத்துவைக்க முடியவில்லை. "விடுங்க வாப்பா, நான் விழ மாட்டேன்" என்று கத்தினேன். அவர் விடவில்லை. வேறு எந்தப் பிள்ளையையும் யாரும் இப்படிப் பிடித்துக்கொண்டு வரவில்லை. எனக்கு மானம் போனது.

மலைவிளிம்பை அடைந்ததும் அந்தச் சீட்டி கேட்டது. பையைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். எல்லோரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். கீழே அருவியோரம், நனைந்த பாறையில் நின்றிருந்தது. கறுப்பு என்று நினைத்த உடம்பு, அது திரும்பியபோது நீலமாக மின்னியது. ஒரு வரி பாடியது, மறந்தது, மறுபடி ஆரம்பித்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

"வாப்பா, வாங்க, சீக்கிரம்!"

அவர் தூரத்தில் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "நான் பையப் பாத்துக்கிடுதேன். நீ நல்லாப் பாரு" என்றார்.

பறவையைவிட அவருக்குப் பை பெரிதாகப் போய்விட்டது என்று எனக்குக் கோபம். திரும்பும் ரயிலில், எங்களோடு வந்திருந்த வாஷிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியிடம் அதைச் சொல்லிச் சிரித்தும்விட்டேன்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி வராந்தாவில் வாப்பா எப்போதும் சுவரை ஒட்டியே நடப்பார். கம்பிப் பக்கம் துணி காயப்போட உம்மாதான் போவாள். இதையெல்லாம் தினமும் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் அன்று அந்தப் பாதையில் யாரை யார் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.